தொரப்பள்ளி முதல் கிருஷ்ணகிரி மலை வரை

தவக்காலத்தின் முதல் ஞாயிறுக்கு முந்திய நாளன்று, எங்கள் பங்கைச் சேர்ந்த நான்கு குடும்பத்தாரும் பங்குத்தந்தையுமாகப் பதினாறு பேர், ஒரு வேனை அமர்த்திக்கொண்டு சேலத்திலிருந்து ஓசூருக்குப் புறப்பட்டோம். உல்லாசப் பயணமன்று. எங்கள் பங்குப் பெண்பிள்ளைகள் மூவர் ஓசூரையடுத்த ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து ஆறு திங்கள் ஆகியிருந்தன. விடுதியில் தங்கியிருக்கும் அவர்களைக் கண்டு நலம் விசாரித்து, வீட்டார் கொடுத்தனுப்பிய முறுக்கையும் பருப்புப் பொடியையும் சேர்ப்பித்து வருவதே நோக்கம். திரும்பும் வழியில் பார்க்கத்தக்க இரண்டோர் இடங்களையும் பார்த்து வரலாம் என்று பங்குத்தந்தை கூறியிருந்தார்.

தொப்பூர்க் கணவாயைக் கடந்து தருமபுரியை எட்டும்போதே காற்றின் குணம் மாறிவிடுகிறது. கிருஷ்ணகிரியைச் சுற்றிலும் மாந்தோப்புகள் பூத்து நின்றன. வேனின் சன்னல் வழியே அந்த மணம் உள்ளே வந்து நிறைந்தது. சூளகிரியைத் தாண்டியபின் நிலம் மெல்ல மெல்ல உயர்கிறது. ஓசூர் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கின்றது. சந்திரசூடேசுவரர் கோயில் கொண்ட குன்று தொலைவிலேயே தெரியும். கடைப் பலகையில் தமிழ், கடைக்காரர் வாயில் தெலுங்கு, வாங்க வந்தவர் மறுமொழி கன்னடத்தில் என்று மூன்று மொழிகளும் ஒரே தராசில் நிறுக்கப்படும் ஊர் இது. ஜூஜூவாடியைக் கடந்தால் கர்நாடகம். பெங்களூர் அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான், நெரிசல் இடங்கொடுத்தால்.

கம்பெனியார் காலத்தில் குதிரைகளை வளர்த்த மத்திகிரிப் பண்ணையாலும், குளிர்ந்த காற்றாலும் மட்டுமே ஒருகாலத்தில் பெயர் பெற்றிருந்த ஓசூரை, 1970-களில் சிப்காட் நிறுவனம் அமைத்த தொழிற்பேட்டை அடியோடு மாற்றிவிட்டது. அசோக் லேலண்டு லாரிகளும், டி.வி.எஸ். இருசக்கர வண்டிகளும், டைட்டன் கைக்கடிகாரங்களும் இங்கிருந்து நாடெங்கும் சென்றன. டைட்டன் என்பது டாட்டாவின் பெயரையும் தமிழ்நாட்டின் பெயரையும் சேர்த்து அமைத்த பெயர் என்பர். ஆயினும் கிரேக்கர்களின் பழங்கதையில் டைட்டன்கள் என்போர் ஒரு தெய்வ குலத்தார். விண்ணிலிருந்து நெருப்பைத் திருடி மனிதனுக்குக் கொடுத்த புரொமீதியசும் அக்குலத்தவனே. இதைப் பங்குத்தந்தை சொன்னபோது, ஓட்டுநர், "கடிகாரத்துக்குப் போய் இவ்வளவு பெரிய பெயரா, சாமி?" என்று கேட்டுச் சிரித்தார்.

பிள்ளைகள் நலமாகவே இருந்தார்கள். மூவரும் கைப்பேசியின் உறுப்புகளைப் பொருத்தும் பிரிவில் வேலை பார்க்கிறார்கள். தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி அணிந்து, ஒரு துளித் தூசியும் படாதபடி எட்டு மணி நேரம் நிற்க வேண்டுமாம். தாங்கள் செய்யும் அந்தச் சிறு கருவி, கேட்ட கேள்விக்கெல்லாம் மனிதனைப்போலவே விடை சொல்கிறது என்று ஒருத்தி வியப்போடு கூறினாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் கல்லூரி மாணவன் ஒருவன், அன்று பகல் முழுவதும் எங்களைப் பேசவைத்த கேள்வியைக் கேட்டான்.

"ஃபாதர், எல்லாம் அறிந்து எல்லாம் செய்யும் வல்லமை மனிதனுக்குக் கிடைத்துக்கொண்டே வருகிறது. அதைக் கெட்டவர் கையில் விடாமல் ஒரு நல்லவர் கையில் மட்டும் ஒப்படைத்தால் உலகம் சீராகிவிடாதா?"

"நல்லவர் யார் என்று நீயே சொல்" என்றார் பங்குத்தந்தை. அவன் யோசித்தான். "சரி, நான் ஒருவரைக் காட்டுகிறேன். தொரப்பள்ளிக்குப் போகலாம், வா" என்று எழுந்தார்.

கிருஷ்ணகிரிச் சாலையை விட்டு விலகித் தென்பெண்ணையாற்றை நோக்கிச் சென்றால் தொரப்பள்ளி அக்கிரகாரம். ஆற்றின் மேற்பகுதியிலுள்ள கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறக்கும் நாட்களில், பெங்களூர் நகரத்தின் கழிவுகள் வெண்ணுரையாகப் பொங்கி வருவதைச் செய்தித்தாள்களில் கண்டிருக்கிறோம். அன்று நுரை இல்லை. ஆனாலும் ஆற்றில் கால் நனைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அக்கிரகாரத்தில் 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் கிராம முன்சீப்பின் மகனாக இராஜாஜி பிறந்த எளிய வீடு, இப்போது அரசின் நினைவு இல்லமாகப் பராமரிக்கப்படுகிறது. சுவர்களில் புகைப்படங்கள். நாங்கள் சென்ற வேளையில் எங்களைத் தவிர வேறு எவரும் இல்லை. ஐந்து வயதளவில் அவரது குடும்பம் ஓசூருக்குக் குடிபெயர, அங்கே பள்ளிப் படிப்பைத் தொடங்கியவர், பின்னர் பெங்களூரிலும் சென்னையிலும் பயின்று, சேலத்தில் வழக்கறிஞராகி, நகராட்சித் தலைவராகி, காந்தியடிகளின் பின் சென்று, 1948-ல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். வாரன் ஹேஸ்டிங்சும் டல்ஹவுசியும் அமர்ந்த பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர் அவர். அப்பதவியின் கடைசி மனிதரும் அவரே.

ஆனால் பங்குத்தந்தை எங்களுக்குச் சொல்ல வந்த செய்தி அதுவன்று. 1962-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில், எண்பத்து மூன்று வயதில், இந்தத் தொரப்பள்ளிக்காரர் காந்தி சமாதான நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமை ஏற்று அமெரிக்கா சென்றார். அந்நாட்டின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவரான கென்னடியை வெள்ளை மாளிகையில் சந்தித்து, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு வேண்டினார். அதற்கு முந்திய ஆண்டு அக்டோபரில் சோவியத் நாடு வெடித்துப் பார்த்த ஒரு குண்டின் வலிமை, ஹிரோஷிமாவை அழித்த குண்டைப்போல் 3,000 மடங்குக்கும் மேல். அமெரிக்காவும் பசிபிக் கடலில் சோதனைகளை நடத்திக்கொண்டிருந்தது. காற்றில் கலந்த ஸ்ட்ரான்ஷியம் என்னும் கதிரியக்கப் பொருள் புல்லில் படிந்து, பசுவின் பாலில் இறங்கி, சுண்ணாம்புச் சத்தோடு சத்தாகக் குழந்தைகளின் எலும்பிலும் பல்லிலும் சேர்வதை அறிவியலார் கண்டறிந்திருந்தனர். போரே நடவாமல், எதிரி நாடு எது என்றும் அறியாத பாலகர்கள் உடலில் குண்டு புகுந்துகொண்டிருந்தது. மகாபாரதத்தில் அசுவத்தாமன் விடுத்த அத்திரம், திரும்ப அழைக்கத் தெரியாமல், கருவிலிருந்த சிசுக்களின்மேல் ஏவப்பட்டதாக ஒரு கட்டம் உண்டு. பாரதத்தை எளிய தமிழில் வீடுதோறும் கொண்டுசேர்த்த இராஜாஜிக்கு அது நினைவுக்கு வராமலா இருந்திருக்கும் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

கென்னடி பொறுமையோடு கேட்டார் என்றும், சந்திப்பு குறித்த நேரத்தையும் தாண்டி நீடித்தது என்றும் கூறுவர். அந்தத் தலைவர் தீயவர் என்று இராஜாஜி கருதவில்லை. தீயவரிடம் அவ்வளவு தொலைவு கடந்து சென்று நியாயம் எடுத்துரைக்க யாரும் புறப்படுவதில்லையே! நல்லெண்ணம் உடையவர் கையில் இருந்தாலும் அந்த ஆயுதம் பொல்லாதது என்பதே அவர் பல்லாண்டுகளாக எழுதியும் பேசியும் வந்த வாதம்.

மூன்று வாரங்கள் கடக்கவில்லை. அக்டோபர் 11-ஆம் நாள் உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியது. 16-ஆம் நாள் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது கென்னடிக்குத் தெரிவிக்கப்பட்டது. உலகம் பதின்மூன்று நாட்கள் மூச்சடக்கி நின்றது. 25-ஆம் நாள் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் வானொலி வழியே இரு தரப்பினரையும் சமாதானத்துக்கு மன்றாடினார். 27-ஆம் நாள் கியூபா அருகே அமெரிக்கக் கப்பல்கள் துரத்திய ஒரு சோவியத் நீர்மூழ்கிக் கப்பலில், மேலே போர் மூண்டுவிட்டது என்று எண்ணிய தலைவன் அணுகுண்டு பொருத்திய டார்பிடோவைத் தொடுக்க எண்ணினான். அதற்கு அங்கிருந்த மூவரும் இசைய வேண்டும். அவர்களுள் ஆர்கிப்போவ் என்ற ஓர் அதிகாரி மட்டும் இசையவில்லை. பல்லாண்டுகள் கழித்தே உலகம் இதை அறிந்தது. அன்று இரவு நம் வீடுகளில் தாய்மார் வழக்கம்போல் செபமாலை சொல்லிப் பிள்ளைகளைத் தூங்கவைத்திருப்பார்கள்.

இவ்வளவில் அந்த மாணவன், "அப்படியானால் கென்னடியும் வேண்டாம், சோவியத் தலைவரும் வேண்டாம். இராஜாஜியிடம் கொடுத்திருந்தால்?" என்று கேட்டான். எங்கள் குழுவிலிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அதுவரை ஒரு புகைப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பினார்.

"தம்பி, 1938-ஐ நீ படித்திருக்கிறாயா?"

எங்களிற் சிலர் முகம் சுளித்தார்கள். ஒருவர் பிறந்த வீட்டில் நின்றுகொண்டு அவர் குறைகளைப் பேசலாமா என்ற கூச்சம். ஆனால் ஆசிரியர் சொன்னது வரலாறு. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த இராஜாஜி, அவ்வாண்டு உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்து மறியல் செய்தவர்கள்மேல், ஆங்கிலேயர் இயற்றிக் காங்கிரசாரே கண்டித்துவந்த குற்றச் சட்டத் திருத்தச் சட்டம் பாய்ந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை சென்றனர். கைக்குழந்தையோடு சென்ற தாய்மாரும் அவர்களுள் உண்டு. நடராசன், தாளமுத்து என்னும் இரு இளைஞர்கள் 1939-ல் சிறைவாசத்தில் நோயுற்று மாண்டனர். மீண்டும் 1952-ல் முதலமைச்சரானபோது, மறு ஆண்டே தொடக்கப் பள்ளிகளில் அரைநாள் படிப்பு, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். சட்டமன்றத்தைக் கலந்துகொள்ளவில்லை, தம் கட்சியாரையும் முறைப்படி கேட்கவில்லை. ‘குலக்கல்வி’ என்று நாடு கொதித்தெழுந்தது. 1954-ல் பதவியை விட்டு விலகினார்.

இதே மனிதர்தான் 1952-ல், தம் கையிலிருந்த உணவுதானியக் கட்டுப்பாட்டைத் துணிந்து நீக்கி, அரிசிக்காக மக்கள் அதிகாரிகளை அண்டி நின்ற நிலையை மாற்றியவர். எதைத் தொடங்கவும் அரசின் லைசென்சுக்குக் காத்திருக்கும் ஆட்சிமுறையை எதிர்த்து 1959-ல் சுதந்திராக் கட்சியையே தொடங்கியவர். அளவுமீறிய அதிகாரம் எவர் கையிலும் சேரலாகாது என்று அவரைப்போல் விடாது எழுதியவர் நம் நாட்டில் மிகச் சிலரே. பதவியால் அவர் செல்வம் சேர்த்ததாக எதிரிகளும் சொன்னதில்லை. கூர்த்த அறிவு, எளிய வாழ்வு, தெய்வ பக்தி எல்லாம் இருந்தன. எனினும், தாம் எண்ணுவது மக்களுக்கு நன்மை என்று உறுதியாக நம்பிய ஒரு நேரத்தில், எதிர்ப்பவர்களைச் சிறையிலடைக்க அவர் தயங்கவில்லை.

எங்கள் மனத்தை உறுத்தியது இதுதான். தீயவனுக்குத் தான் செய்வது தீமை என்று ஓரளவேனும் தெரியும். பிறர் பார்வைக்கு அஞ்சுவான். நல்லவருக்கோ அந்த அச்சம் இல்லை. தம் மனச்சான்று தூய்மையாக இருக்கிறது என்ற நம்பிக்கையே அவரைப் பிறர் சொல் கேளாதவராக ஆக்கிவிடக்கூடும். முதலமைச்சர் செய்த தவற்றை மக்கள் எதிர்த்தார்கள். 1940-ல் கட்டாய இந்தி நீங்கிற்று. அரைநாள் பள்ளியும் நின்றது. அணுகுண்டு வைத்திருப்பவர் தவறினால், எதிர்த்து மறியல் செய்ய யார் மிஞ்சுவார்?

"நம்மவர்களிடம் இருந்தால் நிலைமை வேறு என்று நினைக்காதே" என்று பங்குத்தந்தை மாணவனிடம் கூறிவிட்டு, வெளியே மரநிழலுக்கு அழைத்து வந்தார். அங்கே அவர் சொன்னதை நாங்கள் எளிதில் மறக்க மாட்டோம்.

1945 ஆகஸ்ட் 9-ஆம் நாள் நாகசாகிமேல் குண்டு வீசிய விமானத்தை ஓட்டிய சுவீனி ஒரு கத்தோலிக்கர். அப்படை தங்கியிருந்த தீவில் வீரர்களின் ஆன்ம குருவாக இருந்தவர் சபெல்கா என்னும் கத்தோலிக்கக் குரு. பிற்காலத்தில் அவர் தம் மௌனத்துக்காக மனம் நொந்து, சமாதானத்துக்காக உழைப்பதையே தம் தவமாக ஏற்றார். முதலில் குறிவைத்த கொக்குரா நகரம் தெளிவாகத் தெரியாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. வேதகலாபனைகளின்போது இருநூற்றைம்பது ஆண்டுகள் மறைந்து வாழ்ந்து விசுவாசத்தைக் காத்த மக்களின் வழிவந்தவர்கள் அந்நகரின் உரக்காமி பகுதியில் கட்டிய பேராலயம், குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவில் இருந்தது. தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு ஆயத்தமாக, அவ்வேளையில் குருக்கள் இருவர் அங்கே பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தனர். அவர்களும், ஆலயத்திலிருந்தோரும் ஒருவரும் மிஞ்சவில்லை. உரக்காமியின் 12,000 கத்தோலிக்கருள் ஏறத்தாழ 8,500 பேர் மடிந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

"ஒரே இடத்தில், ஒரே நிமிடத்தில் இரண்டு வல்லமைகள் இருந்தன" என்றார் பங்குத்தந்தை. "ஒன்று ஆகாயத்தில், மற்றொன்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில். பாவத்தை மன்னிப்பது கடவுளுக்கு மட்டுமே உரியது. அதை என்போன்ற மண்பாண்டங்களிடம் ஆண்டவர் கொடுத்திருக்கிறார். ஆனால் பாருங்கள், அந்த வல்லமையை எனக்கு நானே செலுத்திக்கொள்ள முடியாது. என் பாவத்துக்கு நான் இன்னொரு குருவின்முன் முழங்காலிட வேண்டும். திருத்தந்தையும் அப்படியே. கேட்டதை வைத்து யாரையும் பயமுறுத்த முடியாது. வெளியே ஒரு சொல் சொல்ல முடியாது. இவ்வளவு கட்டுகளோடு கொடுத்தும் நாங்கள் ஒழுங்காக இருக்கிறோமா என்பதை நீங்கள் அறிவீர்கள்."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திருச்சபையினுள் பதவியிலிருந்தோர் இழைத்த குற்றங்கள் பற்றி அண்மை ஆண்டுகளில் வெளிவந்த செய்திகள் எல்லோர் நினைவிலும் இருந்தன.

வேனில் ஏறியபின் ஆசிரியர் மீதிக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். 1963 ஏப்ரல் 11-ல் திருத்தந்தை அருளப்பர், கத்தோலிக்கருக்கு மட்டுமன்றி நல்மனமுடையோர் அனைவருக்குமாக, உலக சமாதானம் பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். ஆகஸ்ட் 5-ல் வல்லரசுகள் காற்றிலும் நீரிலும் விண்வெளியிலும் அணுச் சோதனை செய்வதில்லை என்ற உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தொரப்பள்ளிக் கிழவரின் பயணத்தால் இது நேர்ந்தது என்று சொல்ல நமக்கு ஆதாரமில்லை. பலர் தட்டிய கதவில் அவர் கையும் பட்டது என்னும் அளவில் நிறுத்திக்கொள்வோம். 1972-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று அவர் காலமானார். பதினேழு மாதங்களில், 1974 மே 18-ல், நம் நாடும் பொக்ரானில் அணுகுண்டைச் சோதித்தது. இன்று ஒன்பது நாடுகளிடம் 12,000-க்கும் மேற்பட்ட குண்டுகள் இருக்கின்றன. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019-ல் ஹிரோஷிமாவில் நின்று, அவற்றைப் பயன்படுத்துவது மட்டுமன்று, வைத்திருப்பதும் ஒழுக்கக்கேடு என்று கூறினார். நம் ஞாயிறு மறையுரைகளில் அது எத்தனை முறை கேட்டது என்று எண்ணிப் பார்த்தோம்.

கிருஷ்ணகிரி சேர்ந்தபோது பிற்பகல் நான்கு மணி. சையத் பாஷா மலை என்று வழங்கும் கோட்டை மலையில் ஏறுவது எளிதன்று. தாய்மார் அடிவாரத்திலேயே தங்கிவிட்டார்கள். விஜயநகரத்தார் காலத்துக் கோட்டை பின்னர் ஹைதர் அலி, திப்பு சுல்தான் கைக்கு வந்தது. 1791-ல் ஆங்கிலப் படை இதைத் தாக்கித் தோற்றது. மறு ஆண்டு உடன்படிக்கையால் கிருஷ்ணகிரியோடு பாரமகால் முழுவதும் கம்பெனியார் கைக்குப் போயிற்று. மேலே மதில்களின் இடிபாடுகளும், பாறைச் சுனைகளும், காற்றுமே எஞ்சியிருக்கின்றன.

உச்சியிலிருந்து நோக்கினால் ஊரும், மாந்தோப்புகளும், எறும்பு வரிசைபோல் லாரிகள் ஊரும் நெடுஞ்சாலையும், தொலைவில் அணையின் நீர்ப்பரப்பும் ஒருங்கே தெரிகின்றன. மறுநாள் நற்செய்தி, ஆண்டவரை உயர்ந்த மலைக்குக் கொண்டுசென்று உலக அரசுகளையெல்லாம் காட்டிச் சோதித்த பகுதி. பங்குத்தந்தை அதைப் பேசத் தொடங்குவார் என எதிர்பார்த்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. மாணவன்தான் தணிந்த குரலில், "அவரிடம் மட்டும்தான் நம்பிக் கொடுத்திருக்கலாம், ஃபாதர். அவர் வேண்டாம் என்றுவிட்டார்" என்றான். "வா, இருட்டிவிடும்" என்று மட்டும் சொல்லி, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் படி இறங்கினார். முதுமையால் அவருக்கு முழங்கால் வலி உண்டு.

தருமபுரியில் வேனை நிறுத்தச் சொன்னார். அங்கே வயது முதிர்ந்த குரு ஒருவர் ஓய்வில் இருக்கிறாராம். தவக்காலத்துக்குமுன் வந்திருக்க வேண்டியது, தாமதமாகிவிட்டது என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போனார். நாங்கள் சாலையோரக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டு காத்திருந்தோம். பிள்ளைகள் வேனுக்குள்ளேயே தூங்கிவிட்டார்கள். கால் மணி நேரம் கழித்து அவர் திரும்பி வந்து, அங்கியில் முழங்காலருகே படிந்திருந்த தூசியைத் தட்டிவிட்டு, தம் இடத்தில் அமர்ந்தார்.